ஆவணி முதல் ஐப்பசி வரை ஏறிய மலைகள், மாசிக்குள் ஏறப்போகும் மலைகள்

இந்த மூன்று மாதத்தில் எங்கள் மலையேறும் குழு போய்வந்த மலைகள் நான்கு: ராயக்கோட்டை, மல்லச்சந்திரம், தீர்த்தமலை, வத்தல்மலை. நான்கிலும் ஏறமுடியாமல் பாதியில் உட்கார்ந்தவர் யாரும் இல்லை. சிரமமெல்லாம் இறங்கும்போதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைகளின் குணமே அது. ஏற்காடு, கொடைக்கானல் அளவுக்கு உயரம் கிடையாது. பாதி மலைகளில் நிழலும் கிடையாது. மொட்டைப் பாறை, அதன்மேல் வெயில், பாறை இடுக்கில் உண்ணிச்செடிப் புதர், இவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு கரடு, இதுக்கு என்ன தயாரிப்பு" என்று ரப்பர் செருப்போடு கிளம்புகிறவர்களுக்குத்தான் முட்டி தேய்கிறது.

முதலில் ராயக்கோட்டை. புதிதாக வருகிறவர்களை அழைத்துப்போக இதைவிட நல்ல மலை இரண்டு மாவட்டத்திலும் இல்லை என்பது எங்கள் கருத்து. சேலம்–பெங்களூரு ரயில் பாதையில் ஸ்டேஷன் இருக்கிறது, தருமபுரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பஸ் இருக்கிறது, ஊரை ஒட்டியே மலை. மூன்றாம் மைசூர்ப் போரில் 1791-ல் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, பிடித்த கோட்டை. இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏற்றத்தில் படியும் உண்டு, பாறையிலேயே வெட்டிய படியும் உண்டு, படியே இல்லாத சரிவும் உண்டு. ஒரே காலையில் மூன்றையும் பழகிவிடலாம்.

நேரக் கணக்கில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். மலையேறுகிறவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்று உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்னது: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். போக வர 6 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வையுங்கள். நடைக்கு 72 நிமிடம், ஏற்றத்துக்கு 30, ஆக 102. ஆனால் அவர் கணக்குப் போட்டது குளிர் நாட்டுக்கு. நம் வெயிலுக்கும் பாறைக்கும் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 153 நிமிடம் ஆகிறது. உட்கார, சாப்பிட, படம் எடுக்க அரை மணி. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம். காலை ஆறுக்கு அடிவாரத்தில் கால் வைத்தால் ஒன்பதுக்கு டீக்கடையில் இருக்கலாம். எட்டுக்குத் தொடங்கினால் பதினோரு மணி வெயிலில், சுடும் பாறையில் இறங்கவேண்டும்.

இறங்கும்போது வழி தவறுவது ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும், எல்லா மலையிலும் நடக்கும் தப்பு இது. மண்ணில் ஒற்றையடிப் பாதை தெரியும், பாறையில் கால் தடம் பதியாது. அதோடு நம் மலைகளின் பாறை யானை முதுகுபோலக் குவிந்தது. கீழிருந்து பார்த்தால் முழுச் சரிவும் கண்ணில் படும். மேலிருந்து பார்த்தால் பத்தடிக்கு அப்பால் பாறை வளைந்து மறைந்துவிடும், அதற்குக் கீழே படியா பள்ளமா என்று தெரியாது. ஏறும்போது பாதையாகத் தெரிந்தது இறங்கும்போது வெறும் ஆகாயமாகத் தெரிகிறது. ஆகவே ஏறும்போதே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி நின்று, வந்த வழியை இறங்குகிறவரின் கண்ணால் பாருங்கள், போனில் ஒரு படமும் எடுங்கள். பாதை திரும்பும் இடத்தில் மூன்று கல்லை அடுக்கி வைப்போம், கடைசியாக இறங்குகிறவர் அதைக் கலைத்துவிடுவார். பெயின்ட்டால் அம்புக்குறி போடுவது கூடாது. கோட்டைச் சுவரில் காதலர் பெயர் எழுதுகிறவருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

வழி தெரியவில்லை என்றால் "கீழேதானே போகணும்" என்று இறங்கிப் பார்க்காதீர்கள். சரிவில் இறங்குவது எளிது, அதே சரிவில் திரும்ப ஏறுவது கஷ்டம். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம்வரை மேலே திரும்பிப் போங்கள். பத்து நிமிடம்தான் செலவாகும்.

மல்லச்சந்திரம் கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையில் சூளகிரிப் பக்கம் இருக்கிறது. ஏற்றம் என்று பெரிதாக இல்லை, ஆனால் பாறைமேல் நடக்கப் பழக நல்ல இடம். மேலே இருப்பவை இரும்புக் காலத்துக் கற்திட்டைகள். நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல். ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஓர் இடுதுளை. சிலவற்றைச் சுற்றிலும் தலைப்பக்கம் வளைவாகச் செதுக்கிய கற்பலகைகளை வட்டமாக நட்டிருப்பார்கள். ஊர்ப்பக்கம் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள். இறந்தவர்களுக்காக எழுப்பியவை இவை. மூடுகல்மேல் ஏறி நின்று படம் எடுப்பது, உள்ளே உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பது, பலகையில் சாய்ந்து இளைப்பாறுவது மூன்றும் கூடாது. பலகைகள் பாறைமேல் தம் எடையால் மட்டும் நிற்கின்றன. ஒன்றை நெம்பினால் மூடுகல்லே வந்துவிடும்.

அங்கே போன நாளுக்கு முதல்நாள் இரவு மழை. பாறையில் கறுப்புக் கறுப்பாகக் கோடு இறங்கியிருப்பதை எல்லா மலையிலும் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் வழியும் தடம் அது, அந்தக் கறுப்பு காய்ந்துபோன பாசி. வெயில் நாளில் அதன்மேல் ஓடக்கூடச் செய்யலாம். ஈரம் பட்டால் எண்ணெய் தடவிய கல். மழை பெய்த மறுநாள் சாம்பல் நிறப் பாறைமேல் மட்டும் கால் வையுங்கள், கறுப்புக் கோட்டைத் தாண்டவேண்டி வந்தால் உட்கார்ந்து கையூன்றித் தாண்டுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. காய்ந்த பாறைக்கு வேறு ஒரு எதிரி உண்டு: பொடிக்கல். பாறை உதிர்ந்த குருணை சரிவில் பரவிக் கிடக்கும். செருப்புக்கு அடியில் அது உருளும். காலால் ஒருமுறை கூட்டித் தள்ளிவிட்டு மிதிக்கவேண்டும். சரிவில் இறங்கும்போது பயத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் குதிகால் மட்டும் ஊன்றும், அப்படியே வழுக்கிவிடும். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, எடை முழுவதும் பாதத்தின்மேல் இருக்கும்படி, உள்ளங்கால் முழுதும் பாறையில் படிய, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

செருப்பு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுப் பெரிய பூட் வாங்கவேண்டாம். ஆழமான பல் வைத்த கெட்டியான அடிப்பாகம் சேற்றுக்கு உதவும். மொட்டைப் பாறையில் பல்லின் நுனி மட்டும்தான் தொடும், பிடிப்பு குறையும். அடிப்பாகம் மெத்தென்ற ரப்பராக, பல் ஆழமில்லாததாக இருக்கும் ஷூ போதும். விரல்நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் பதியவேண்டும். அளவில் அரை எண் பெரிதாக, மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், மாலைக்குள் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுப்பதற்குக் காரணம் ஷூ சின்னதாக இருப்பது மட்டுமல்ல, லேஸ் தளர்வாக இருப்பதும்தான். பாதம் முன்னால் சறுக்கி மோதுகிறது. இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து, குதிகாலைப் பின்பக்கம் நன்றாக ஒட்டவைத்து, கணுக்காலுக்குக் கீழே இருக்கும் கடைசி இரண்டு துளையை இறுக்கிக் கட்டுங்கள்.

பரணில் மூன்று நாலு வருஷம் கிடந்த ஷூவைத் துடைத்துப் போட்டுவருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒருவராவது இருக்கிறார்கள். பார்க்கப் புதிதாக இருக்கும். நடு அடுக்கில் இருக்கும் பாலியூரிதேன் நுரை காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள்ளே இற்றுப்போயிருக்கும், போடாமல் வைத்தாலும் இறும். அரை மணி நடையில் அடிப்பாகம் முழுசாகக் கழன்று நாக்குத் தொங்குவதுபோலத் தொங்கும். கிளம்புமுன் இரண்டு கையாலும் ஷூவை வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் பொடி உதிர்ந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பையில் இரண்டு மீட்டர் நைலான் கயிறு வைத்திருந்தால் கழன்ற அடிப்பாகத்தைக் கட்டிக்கொண்டு கீழே வந்துசேரலாம். பசை எதுவும் அங்கே ஒட்டாது.

புரட்டாசியில் தீர்த்தமலை. அரூரிலிருந்து பஸ் இருக்கிறது. இதைச் சனிக்கிழமையில் வைக்காததற்குக் காரணம் பஸ். புரட்டாசிச் சனி என்றால் நம் பக்கத்துப் பெருமாள் மலைகள் எல்லாவற்றுக்கும் கூட்டம் போகும், பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. தீர்த்தகிரீசுவரர் கோயில் மலையின் இடுப்பில் இருக்கிறது, அருணகிரிநாதர் பாடிய தலம். அதுவரை படி. ராமர் தீர்த்தம் பாறை மேலிருந்து விழும். படி எளிது என்று நினைக்கிறார்கள். ஏறுவதற்கு எளிதுதான். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் உடம்பின் எடை முழுக்க ஒரே முட்டியில் விழுகிறது. முட்டி வலி உள்ளவர்கள் ஒரு கம்பு கொண்டுவாருங்கள். கம்பை முதலில் கீழ்ப்படியில் ஊன்றிவிட்டுக் காலை வைக்கவேண்டும், காலோடு சேர்த்து ஊன்றினால் பிரயோஜனம் இல்லை. படி அகலமாக இருந்தால் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி இறங்குவது நல்லது. கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த சில நாளுக்கு எந்தக் கோயில் மலைப் படியானாலும் எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று பார்த்து மிதியுங்கள்.

குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம்தான் சாப்பாட்டு மணி. துணிப்பையில் டப்பா வைத்துக்கொண்டு போனால் அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வத்தல்மலையில் மேலே சமதளத்தில் பால்சிலம்பு, பெரியூர்ப் பக்கம் ஊர்ச் சாலையிலேயே நடை. காப்பி, மிளகுத் தோட்டங்கள். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையக் கூடாது, காய்ந்துகொண்டிருக்கும் மிளகை மிதிக்கக் கூடாது. நடையில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, வண்டியில்தான் விஷயம். இருபதுக்கும் மேல் கொண்டை ஊசி வளைவு. பைக்கில் இறங்குகிறவர்கள் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும், பத்தாவது வளைவில் கால் அழுத்தினாலும் நிற்காது. இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள், பிரேக்கை வளைவுக்கு முன் மட்டும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அது முடியாது. ஆகவே ஸ்கூட்டரில் வருகிறவர்கள் ஐந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிட்டு இறங்கவேண்டும், இல்லையென்றால் பஸ்ஸில் வரவேண்டும்.

தண்ணீர்க் கணக்கு: நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு அரை லிட்டர், ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் என்றால் முக்கால் முதல் ஒரு லிட்டர். அரை நாள் மலைக்கு மூன்று லிட்டர் முதுகில் இருக்கவேண்டும். ஒரே மூன்று லிட்டர் கேனாக அல்ல, ஒரு லிட்டர் பாட்டில் மூன்றாக. ஒன்று உடைந்தாலும் மீதி இருக்கும். முதல் பாட்டில் தீர்ந்ததும் திரும்பும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள், இரண்டாவது பாதியானதும் எங்கே இருந்தாலும் இறங்கத் தொடங்குங்கள். தண்ணீர் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் முழுதாகக் கரையுங்கள். அரை பாட்டிலில் கொட்டுவது தப்பு, உப்பு கூடிவிடும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மேலே இருக்கும் சுனையும் குட்டையும் கை கால் கழுவ மட்டும். வழியில் கிணறு, போர்வெல் தண்ணீரை நிரப்பவேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்: நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு கூடுதல், அது காய்ச்சினாலும் போகாது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-ல் வந்தது. ஒருநாள் குடித்தால் பல் கறைபடாது, ஆனாலும் ஊரில் ஒகேனக்கல் குழாயில் பிடித்து வருவதுதான் முறை. சாப்பாட்டுக்குப் புளிசாதம், சித்ரான்னம், நிலக்கடலை உருண்டை. தயிர்சாதம் பத்து மணி வெயிலுக்குப் புளித்துவிடும்.

மலைத்தேனீக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். கோட்டை மலைகளில் பாறை முன்துருத்திய இடத்துக்கு அடியிலும், இடிந்த வாசல் வளைவிலும் கறுப்பாக முறம் தொங்குவதுபோல் தெரிவது கூடு. அதற்கு நேர் கீழே பேசாமல் கடந்துபோங்கள். சென்ட் அடித்து வரவேண்டாம், பீடி சிகரெட் கூடாது, கல் எறிவதை நினைக்கவே வேண்டாம். ஒன்று கொட்டினால் கையால் அடித்து நசுக்கக் கூடாது. நசுங்கிய தேனீயின் வாசனை மற்றவற்றைக் கூப்பிடும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வேகமாக விலகுங்கள், ஆனால் பாறை விளிம்பில் கண்மண் தெரியாமல் ஓடாதீர்கள். குட்டையில் குதித்தால் வெளியே தலை நீட்டும்வரை அவை மேலேயே சுற்றும். விலகியபின் கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் விஷம் இறங்கும். உதடு, தொண்டை வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரே கொட்டாக இருந்தாலும் 108. பாம்புக்கும் சுருக்கமாக: பாறை இடுக்கில் பார்க்காமல் கை விடாதீர்கள், இந்தப் பாறைக்காடு சுருட்டை விரியனுக்குச் சொந்த வீடு. கடித்தால் கட்டவோ கீறவோ வேண்டாம். காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி வரப்போவது.

மார்கழி முதல் ஞாயிறு கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை. 1791 நவம்பரில் கும்பினிப் படை கீழே பேட்டையைப் பிடித்தும் மேலே கோட்டையைப் பிடிக்கமுடியாமல் திரும்பியது. சரிவைப் பார்த்தாலே ஏன் என்று தெரியும். மேலே தர்கா இருக்கிறது, அங்கே செருப்பு, சத்தம், சாப்பாடு மூன்றும் கூடாது. அடுத்த வாரம் ஒரு மதியம் முழுக்க முதலுதவியும் வரைபடம் படிப்பதும். நூல் கட்டிய திசைகாட்டியைவிட, போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு விமானப் பயன்முறையில் போட்டுப் பழகுவதுதான் முதல் பாடம். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீருகிறது.

பொங்கல் கழிந்து ராயக்கோட்டையில் குப்பை பொறுக்குதல். உடைந்த பாட்டில்தான் அதிகம், ஆகவே மெல்லிய ரப்பர் கையுறை போதாது, கட்டட வேலைக்காரர் போடும் தடித்த உறை வேண்டும். ஆளுக்கு ஒரு சாக்கு, பாதி மட்டும் நிரப்புங்கள். முழுச்சாக்கு சரிவில் ஆளையும் சேர்த்து இழுக்கும். மேலேயே கொளுத்திவிடலாம் என்ற யோசனை ஒவ்வொரு தடவையும் வருகிறது, ஒவ்வொரு தடவையும் மறுக்கிறோம்.

தை கடைசியில் மேலகிரி மலைத்தொடரில் குத்திராயன் சிகரம். இது கோட்டை மலை மாதிரி நாமாகக் கிளம்பிப் போகும் இடம் அல்ல. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு கெடுபிடி கூடியது, கூடவும் வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது. கிருஷ்ணகிரியில் குத்திராயனும், ஐயூர்ப் பக்கம் ஒரு பாதையும் அதில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தம் பெயரில் பதியவேண்டும், கூட வரும் உள்ளூர் வழிகாட்டி சொல்வதுதான் சட்டம். நேர விதியும் அங்கே தலைகீழ். கோட்டை மலைக்கு இருட்டோடு கிளம்பலாம், காட்டுக்கு அது ஆகாது. பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் கேழ்வரகு அறுவடையை ஒட்டி நம் பக்கம் இறங்கும் பருவம் இது. விடியலும் அந்தியும் அவற்றின் நேரம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு உள்ளே போய், நாலு மணிக்குள் வெளியே வந்துவிடவேண்டும். வெள்ளை, சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். சாணம் ஈரமாக இருந்தால் அங்கேயே நின்று வழிகாட்டியைக் கேளுங்கள்.

மாசியில் புல் காய்ந்ததும் காட்டுப் பாதைகளுக்கு விடுமுறை, தீ பிடிக்கும் பருவம். அப்போது கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் காலை நடை மட்டும். சித்திரையில் கோட்டை மலை கேட்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: கோடை மழை மதியத்துக்கு மேல் இடியோடு வரும், மொட்டைப் பாறை உச்சியில் உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இறங்குங்கள். ஒற்றை மரத்தடியும் இடிந்த மண்டபமும் ஒதுங்கும் இடம் அல்ல.

சையத் பாஷா மலைக்கு அடிவாரத்தில் கூடும் நேரம் ஆறு அல்ல, ஆறே முக்கால். மேலே சொன்ன கணக்குக்கு மாறாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். மார்கழியில் விடியும்வரை பனி இறங்கிப் பாறை நனைந்து கிடக்கும், கறுப்புக் கோடெல்லாம் மழை பெய்த மறுநாள் மாதிரியே வழுக்கும். ஏழு மணி வெயில் ஒரு கால் மணி நேரம் பட்டுக் காயட்டும். வெயிலைப் பற்றி அந்த மாதத்தில் பயமில்லை, பத்துக்குள் கீழே வந்துவிடலாம்.